பனியை எங்கே போடுவது? குட்டி டிராக்டரும் அதன் கருவிகளும்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே, டக் ஹில் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. ஆண்டுக்கு 200 அங்குலத்துக்கு மேல் பனி விழுவது அங்கே பல ஊர்களுக்கு வாடிக்கை. 1997 ஜனவரியில் மான்டேக் என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் விழுந்ததாகக் கணக்கெழுதினார்கள். விதி அனுமதிப்பதைவிட அதிக தடவை அளந்து கூட்டிவிட்டார்கள் என்று சொல்லித் தேசியச் சாதனைப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. சாதனை கிடைக்காவிட்டால் என்ன, மறுநாள் காலையில் கதவைத் திறந்தவர்கள் அந்தப் பனியை வாரித்தான் ஆக வேண்டியிருந்தது.

அங்கே பனி இப்படிக் கொட்டுவதற்குக் காரணம் ஏரிதான். கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று, இன்னும் ஆறாத ஏரி நீரைக் கடக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. கரையேறி மேடு தட்டியதும் மொத்தத்தையும் இறக்கிவிடுகிறது. பக்கத்து ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். நடுக்குளிர்காலத்தில் அது உறைந்தால் அதன் கரையிலுள்ள பஃபலோ பக்கம் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். அது முழுசாக உறைவது அபூர்வம். அதனால் டக் ஹில்லுக்குக் குளிர்காலம் முடிகிற வரை விடுப்பே கிடையாது. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 80 அங்குலம் குவிந்தபோது, சில மைல் வடக்கே இருந்த ஊர்களில் அதில் சிறு பங்குதான் விழுந்தது. ஏரிப் பனி பட்டை பட்டையாக வரும். பக்கத்து ஊருக்குப் போதுமான கருவி இந்த ஊருக்கும் போதும் என்று நினைக்க முடியாது.

டிராக்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் தொடங்குகிறார்கள். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பனியை எங்கே போடப் போகிறோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையிலிருந்து வீட்டுக்கு 200 அடி நீளம், 12 அடி அகலமுள்ள பாதை. அதன்மேல் 1 அடி பனி. மொத்தம் 2,400 கன அடி, அதாவது சுமார் 68 கன மீட்டர். புதிதாக விழுந்த பஞ்சுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 7 டன். ஒரு வெயிலும் ஒரு தூறலும் பட்டு இறுகிய ஈரப்பனி கன மீட்டருக்கு 300 கிலோவைத் தொடும். அதே கன அளவு அப்போது 20 டன். இது ஒரே ஒரு பனிப்பொழிவுக்கு. டிசம்பரில் தள்ளி ஒதுக்கியது ஜனவரியில் கரையாது. கல்லாக உறைந்து ஓரத்திலேயே நிற்கும். அதன்மேல் ஜனவரிப் பனி, அதற்கும் மேல் பிப்ரவரிப் பனி. 12 அடிப் பாதை 10 அடியாகி, 8 அடியாகி, கடைசியில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைக் கொண்டுவரும் லாரி உள்ளே வர முடியாமல் சாலையிலேயே நிற்கும். பனியைத் தள்ளும் கருவிக்கும் தூக்கி எறியும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் புரியும்.

எந்த டிராக்டர்

முதலில், யாருக்கு டிராக்டரே வேண்டாம் என்பதைச் சொல்லிவிடலாம். ஊருக்குள் இரண்டு கார் நிற்கும் அளவுக்குத் தார்ப் பாதை உள்ளவருக்கு, பின்னால் நடந்து தள்ளும், பனியைத் தூக்கி எறியும் ஸ்னோ ப்ளோவரே தாராளம். நீளப் பாதை இருந்தும் வேறு வேலை இல்லாதவர், பருவத்துக்குச் சில நூறு டாலர் கொடுத்து ஆள் அமர்த்திக்கொள்வது மலிவு. முன்னால் வாரித் தூக்கும் லோடரோடு ஒரு புதிய குட்டி டிராக்டர் 20 ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது. பனிக்காக மட்டும் அதை வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. விறகு, சரளை, புல், வேலி, தோட்டம் என்று ஆண்டு முழுக்க வேலை வைத்திருக்கிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

கடையில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் 24 குதிரைத்திறன், 24.8 குதிரைத்திறன் என்றே ஏன் இத்தனை என்று வாங்க வருகிறவர்கள் குழம்புவது உண்டு. காரணம் அரசாங்க விதி. அமெரிக்காவின் டீசல் புகைக் கட்டுப்பாட்டில் 25 குதிரைத்திறனை ஒட்டி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் துகள்களுக்கான வரம்பு வெகுவாக இறுகுகிறது. புகைவழியில் துகள் வடிகட்டி வைப்பதோ எஞ்சின் நிர்வாகத்தை மின்னணுவுக்கு மாற்றுவதோ தேவைப்படும். கோட்டுக்குக் கீழே நின்றால் எளிய எஞ்சினே போதும். குபோடாவின் எல்2501 அந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் 24.8-இல் நிற்கிறது. அதற்கும் சின்னது வேண்டுமென்றால் குபோடாவின் பிஎக்ஸ் வரிசை, ஜான் டீரின் 1025ஆர் போன்றவை இருக்கின்றன. கருவிகள் இல்லாமல் அவற்றின் எடை 650 கிலோவை ஒட்டியிருக்கும். கார் ஷெட்டுக்குள் அடங்கும்.

எஞ்சினின் சக்தி முழுவதும் கருவிக்குப் போய்ச் சேராது. 1025ஆர் எஞ்சின் கிட்டத்தட்ட 24 குதிரைத்திறன் என்றால், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது 18. ப்ளோவர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தப் பின்னால் சொன்ன எண்ணைத்தான். அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் பி.டி.ஓ.வில் சுமார் 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது அங்கே புழங்கும் தோராயக் கணக்கு. 18 இருந்தால் 4 அடிக் கருவியை ஓரளவு ஓட்டிவிடலாம். 5 அடி என்றால் ஈரப்பனியில் ஊர்ந்துதான் போக வேண்டும். அதே சமயம் கருவி டயர்களின் வெளி விளிம்பைவிட அகலமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டர் தன் தடத்தைத் தானே பனிக்குள் புதைத்துக்கொள்ளும்.

கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்ற கேள்வியில் பனிக்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. பனி வேலை என்பது முன்னே பத்தடி, பின்னே பத்தடி. கிளட்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோகும். பெடலிலேயே முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் கொஞ்சம் விலை அதிகம், கொஞ்சம் சக்தியும் தின்னும். ஆனாலும் இந்த வேலைக்கு அதுதான் சரி.

மூன்று புள்ளியும் ஒரு தண்டும்

தமிழ்நாட்டில் ரோட்டாவேட்டர் பூட்டிய டிராக்டரைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கம்பி, நடுவில் சுழலும் தண்டு. அந்த மூன்று புள்ளி இணைப்பை வடிவமைத்தவர் வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். நம் வயல்களில் ஓடும் மாஸி ஃபெர்குசனில் பின்பாதிப் பெயர் அவருடையதுதான். அதற்கு முன்பெல்லாம் கலப்பையைச் சங்கிலிபோட்டு இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குசனின் இணைப்பில் அந்த இழுவிசை முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்துகிறது. ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கிப் பேசி முடித்த ஒப்பந்தத்தில், 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் அது பெருமளவில் சந்தைக்கு வந்தது.

அதனால் விளைந்த நன்மை, கருவிகளெல்லாம் ஒரே அளவுக்கு வந்ததுதான். குட்டி டிராக்டர்களில் பெரும்பாலானவை 'கேட்டகரி 1' அளவு. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, ஆறு பள்ளம், 1⅜ அங்குல விட்டம். ஒருவர் விற்கும் பழைய பிளேடு இன்னொருவரின் வேறு கம்பெனி வண்டியில் பூட்டிக்கொள்ளும். பண்ணை ஏலங்களில் கருவி தேடி அலைகிறவர்கள் இருப்பது இதனால்தான். ஆனால் 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. மேலங்கியின் நுனியோ கழுத்துத் துணியோ தண்டில் சிக்கினால், கையை எடுக்கலாம் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அந்தக் கருவியைப் பூட்டவே கூடாது.

பக்கெட், பிளேடு, ப்ளோவர்

வண்டியோடு வருவது லோடர் பக்கெட். அதிலேயே பனியை வாரலாம், வாருகிறார்கள். ஆனால் பக்கெட் பனியை ஓரமாக ஒதுக்காது, முன்னே தள்ளும். ஒவ்வொரு நடைக்கும் நிறைத்து, தூக்கி, திரும்பி, கொட்டிவிட்டு வர வேண்டும். நீளப் பாதைக்கு அது தண்டனை. வண்டி திரும்பும் முற்றத்தைச் சுத்தம் செய்யவும், உயர்ந்த குவியலை இன்னும் உயர்த்தவும் அதைவிட நல்லது வேறில்லை. லோடர் நெம்புகோலில் கடைசியாக 'ஃப்ளோட்' என்றொரு நிலை உண்டு. அதில் விட்டால் பக்கெட் தன் எடையால் தரையின் மேடுபள்ளத்தைப் பின்பற்றும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடித்தபடியே போவார்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்ப, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. உறைந்த குவியலை வேகமாகப் போய் முட்டுவதும் அப்படித்தான். பார்க்கப் பனி, உள்ளே பாறை. லோடர் கை வளைந்தால் செலவு பெரிது.

முன்பக்கம் கோணம் திருப்பும் பிளேடு பூட்டினால் கதை மாறும். பனி பக்கவாட்டில் உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். இரண்டு நடையில் பாதை திறக்கும். பருவத்துக்கு 60, 80 அங்குலம் விழும் ஊருக்கு, பாதையின் இருபுறமும் வெட்டவெளி இருந்தால், பிளேடே போதும். ப்ளோவருக்குக் காசு போட வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: டிசம்பரிலேயே பேராசையோடு தள்ள வேண்டும். முதல் பனியைப் பாதை ஓரத்தில் விட்டுவிடாமல் நாலைந்து அடி புல்வெளிக்குள் தள்ளிவைத்தவருக்குத்தான் பிப்ரவரியில் இடம் மிஞ்சும். பின்பக்க பிளேடு மலிவு. ஆனால் சக்கரம் மிதித்து இறுக்கிய பனியை அது சுரண்ட வேண்டியிருப்பதால் ஆழப் பனிக்கு ஆகாது.

டக் ஹில் போன்ற இடத்தில் இந்த வித்தையெல்லாம் ஜனவரி நடுவில் தோற்றுவிடும். ஓரம் மார்பு உயரத்துக்கு வந்தபின் பிளேடு தள்ளும் பனிக்குப் போக்கிடம் இல்லை. அங்கே ப்ளோவர்தான். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்டு 1925-இல் தன் பனி எறியும் இயந்திரத்தை உருவாக்கி, 1927-இல் மான்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமான் நகரத்துக்கு விற்றார். அடிப்படை இன்றும் ஏறக்குறைய அதுவே: முன்னால் திருகு போன்ற ஆகர் பனியை நடுவுக்கு வாரிக்கொடுக்கும், பின்னால் சுழலும் விசிறி அதைப் புகைபோக்கி போன்ற குழாய் வழியே தூர எறியும். ஓரத்தில் சுவர் எழும்புவதற்குப் பதில் பனி தோப்புக்குள் மெல்லிய போர்வையாகப் பரவுகிறது.

ப்ளோவரை எங்கே பூட்டுவது என்பதில் மூன்று கட்சி உண்டு. முன்னால் பூட்டினால் ஓட்டுநர் நேரே பார்த்து ஓட்டலாம். ஆனால் வண்டியின் வயிற்றுக்கடியில் உள்ள நடு பி.டி.ஓ.விலிருந்து சக்தி எடுக்கத் தனிச் சட்டகம் வேண்டும், விலையும் கூடுதல், மாட்டிவிட்டால் வசந்தம் வரை கழற்ற மனம் வராது. பின்னால் பூட்டுவது மலிவு, மூன்று புள்ளியில் ஐந்து நிமிட வேலை, லோடரும் முன்னால் சும்மா இருக்கும். ஆனால் பின்னோக்கியே ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்தவருக்கு மறுநாள் அது தெரியும். மூன்றாவது, கியூபெக்கின் தொழில்முறைக்காரர்கள் பெரிதும் விரும்புவது: பின்னால் பூட்டி, முன்னோக்கிப் பார்க்கும் தலைகீழ் ப்ளோவர். வீட்டுக் கதவு வரை பனியின் மேலேயே போய், கருவியை இறக்கி, சாலையை நோக்கி இழுத்துக்கொண்டே வருவார்கள். ஒருநாளில் நூற்றுக்கணக்கான குட்டைப் பாதைகளுக்கு அது அருமை. இடுப்பளவுப் பனியில் சக்கரமே முதலில் போக முடியாதென்றால் அது உதவாது. சொந்த வீட்டுக்கு, வேறு வேலைகளும் உள்ள வண்டிக்கு, பின்பக்க ப்ளோவரும் முன்பக்க லோடருமே நல்ல ஜோடி. கழுத்துவலியை விலையாகக் கொடுக்கலாம்.

எந்தப் பக்கம் பூட்டினாலும் எஞ்சினை 540 சுற்றுக்கு உரிய வேகத்தில் வைத்துவிட்டு, வண்டியின் நடையை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். பனி கனமாக இருக்கிறதே என்று எஞ்சினைக் குறைத்தால் விசிறி தளர்ந்து, கஞ்சி மாதிரி ஈரப்பனி குழாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

அடைத்தால்? பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி, குச்சியால் குத்திவிட வேண்டும். கை உள்ளே போகவே கூடாது. அணைத்தபின்னும் அடைப்பில் இறுகியிருக்கும் விசை, பனி விலகிய கணத்தில் விசிறியை ஒரு சுண்டு சுண்டும். விரலுக்கு அது போதும்.

இன்னொன்று ஷியர் போல்ட். ஆகரை அதன் தண்டோடு பிணைப்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த ஒரு போல்ட்தான். பனிக்குள் உறைந்துகிடக்கும் செய்தித்தாள் கட்டோ விறகுக் கட்டையோ ஆகரில் சிக்கினால் 'டக்' என்றொரு சத்தம். விசிறி சுற்றும், ஆகரின் ஒரு பாதி நின்றுவிடும். போல்ட் தன்னைக் கொடுத்து கியர்பாக்ஸைக் காப்பாற்றியிருக்கிறது. மைனஸ் 15 டிகிரியில் கையுறையைக் கழற்றி, இரண்டு துளைகளையும் நேர்க்கோட்டுக்குத் திருப்பி, உள்ளே மாட்டியிருக்கும் முறிந்த துண்டைத் துளையாணி வைத்துச் சுத்தியால் தட்டித் தள்ளி, புதியதைச் செருகி, நட்டை முடுக்குவதற்குள் விரல் நுனி மரத்துவிடும். அடிக்கடி முறிகிறதே என்று எரிச்சலில் இரும்புக் கடையில் கிடைக்கும் கெட்டி போல்ட்டைப் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த கட்டை சிக்கும்போது போல்ட் நிற்கும், பல்சக்கரம் நொறுங்கும். கையேட்டில் சொன்ன அதே ரகத்தில் ஒரு டஜன் வாங்கி, இரண்டு ஸ்பேனரோடு வண்டியிலேயே வைத்துக்கொள்வதுதான் புத்தி.

நவம்பருக்குள்

தரை உறைவதற்கு முன்பே பாதையின் இருபுறமும் ஆரஞ்சு நிறக் குச்சிகளை நட்டுவிடுகிறார்கள். உறைந்தபின் சுத்தியால் அடித்தாலும் இறங்காது. வளைவில், மதகுக் குழாயின் வாயில், கிணற்று மூடியருகில், அழகுக்கு வைத்த பாறைப் பக்கத்தில் கட்டாயம் ஒன்று.

பாதை சரளையாக இருந்தால் முதல் இரண்டு மூன்று பனி ஒரு சோதனை. தரை இன்னும் மென்மை. கருவி சரளையை அள்ளிப் புல்வெளியில் இறைக்கும், ஜன்னலிலும் அடிக்கும். ப்ளோவரின் அடியில் உள்ள சறுக்குக் கால்களை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறக்கி, கருவியைத் தரையைவிட்டு உயர்த்திவைக்க வேண்டும். பக்கெட்காரர்கள் இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி, பக்கெட்டின் வெட்டு விளிம்பில் செருகிவிடுகிறார்கள். உருண்ட விளிம்பு சரளையின் மேல் வழுக்கிப் போகிறது. முதல் பனியை வாராமல் வண்டியாலேயே மிதித்து இறுக்கி ஒரு தளமாக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குளிர் நிலையாக நிற்கும் ஊருக்கு அது சரி. வாரத்துக்கொரு தடவை உருகும் ஊரில் அந்தத் தளமே கண்ணாடிப் பனியாகிவிடும்.

டீசலில் மெழுகு உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இருமி நிற்கும். கோடையில் நிரப்பிய டீசல் குளிர்காலம்வரை டேங்கில் கிடந்தால் இதுதான் நடக்கும். இலையுதிர் காலத்திலேயே குளிர்காலக் கலவை டீசலுக்கு மாறிவிட வேண்டும். மெழுகு திரளாமல் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே ஊற்ற வேண்டும். திரண்டபின் ஊற்றிப் பயனில்லை. எஞ்சினில் பிளாக் ஹீட்டர் இருந்தால் கிளப்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக மின்சாரத்தில் சொருகிவிடலாம். மைனஸ் 18 டிகிரியில் பாட்டரியின் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்பட்டிருக்கும். கிளப்பியதும் உடனே பெடலை மிதிக்காமல், ஹைட்ராலிக் எண்ணெய் இளகப் பத்து நிமிடமாவது விடுவது பம்புக்கு நல்லது.

பின்பக்க எடை

குட்டி டிராக்டர் விபத்துகளில் வேகத்தைவிடப் பெரிய குற்றவாளி எடை. லோடரில் பாரம் ஏறினால் முன் அச்சு அமிழ்ந்து பின்சக்கரம் இலேசாகும். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். சரிவில் பக்கெட் நிறையப் பனியோடு இறங்கும்போது பின்சக்கரம் பிடிப்பிழந்தால் பிரேக்கே இல்லாத வண்டி அது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் முன்சக்கரங்களும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஏறுவதற்கு மட்டும் அதைப் போட்டு, இறங்கும்போது எடுத்துவிடுகிற பழக்கம் ஆபத்து.

பின்னால் ப்ளோவர் பூட்டியிருந்தால் எதிர் எடை தானாக வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் மூன்று புள்ளியில் கான்கிரீட் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட வேண்டும், அல்லது பின் டயர்களுக்குள் திரவம் நிரப்ப வேண்டும். வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் கனமானது, உறையாது. கசிந்தால் சக்கர வளையத்தைத் துருவாக்கித் தின்றுவிடும். இப்போது பலர் சர்க்கரைக் கிழங்குச் சாற்றை நிரப்புகிறார்கள். சர்க்கரை ஆலையின் மிச்சத்திலிருந்து கிடைக்கும் அது தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு வரை அதிக எடை, மைனஸ் 35 டிகிரிக்கும் கீழேதான் உறையும், இரும்பை அரிக்காது. விலைதான் கூடுதல்.

டயரில், புல்வெளிக்கான டயர் பனிக்கு ஆகாது என்று பொதுவாக நினைக்கிறார்கள். அதன் சின்னச் சின்ன கட்டங்கள் இறுகிய பனியில் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே பிடிக்கும். கண்ணாடிப் பனியில் எந்த டயரும் கைவிடும், அங்கே சங்கிலிதான். குறுக்குக் கம்பிகள் மட்டும் உள்ள ஏணிச் சங்கிலி, அடுத்த கம்பி வரும்வரை வழுக்கும். வைர வடிவப் பின்னல் உள்ளது சரிவுக்கு நல்லது.

சீட் பெல்ட்டைப் பற்றி ஒரே வரி: வண்டி கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பி தலைக்குப் பின்னால் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும், ஷெட்டுக்குள் நுழைய அதை மடக்கினால் வெளியே வந்ததும் நிமிர்த்த வேண்டும்.

எங்கே போடக் கூடாது

சாலையின் மறுபக்கம் தள்ளிவிடுவது எல்லோருக்கும் தோன்றும் எளிய வழி. மிச்சிகனில் 1978 முதல் சட்டம் அதைத் தடுக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் அனுமதி இல்லாமல் சாலையில் பனியைப் போடுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இரவில் அந்தத் தடம் உறைந்து, வரும் கார் வழுக்கினால் கேள்வி வீட்டுக்காரருக்குத்தான் வரும்.

கழிவுநீர்த் தொட்டியும் அதன் வடிகால் நிலமும் இருக்கும் பகுதியில் வண்டியை ஓட்டக் கூடாது. கலையாத பனி மண்ணுக்குக் கம்பளி. மிதித்து இறுக்கினால் உறைபனி கீழே இறங்கிக் குழாயைப் பிடித்துவிடும். புரோபேன் தொட்டியின் வால்வைப் பனியால் மூடக் கூடாது. ஹீட்டரின் புகைக்குழாய் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும் வீடுகளில் ப்ளோவர் குழாயை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது; வெளியேற வழியில்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். குவியலைப் பாதையின் மேட்டுப் பக்கம் வைத்தால் பகலில் உருகிப் பாதையில் ஓடி இரவில் உறையும். பள்ளத்துப் பக்கம்தான் அதற்கு இடம்.

ஊராட்சியின் பனி வண்டி போகும்போது வாசலில் ஒரு கரை கட்டிவிட்டுப் போகும். இப்போதுதான் சுத்தம் செய்தவருக்கு அழுகை வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சாலையைப் பார்த்து நின்றால், வலப்புறம் ஓட்டும் நாடுகளில் பனி வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். பாதைக்கு இடப்பக்கம், சாலை ஓரமாகப் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு பள்ளம் போலத் திறந்துவைத்தால், பிளேடில் இருக்கும் பனியை அங்கே கொட்டிவிட்டு வண்டி வாசலைக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கடக்கும். சொந்த வாசல் பனியை வலப்பக்கம் குவிக்க வேண்டும்.

காற்று அள்ளிவந்து நிரப்பும் இடத்தில் வாருவதைவிடத் தடுப்பது மேல். பாதி அடைப்பு, பாதி இடைவெளி உள்ள பனிவேலி, பாதையிலிருந்து தன் உயரத்தைப்போல 35 மடங்கு தள்ளி நிற்க வேண்டும் என்பது நெடுஞ்சாலைத் துறைகளின் கணக்கு. 4 அடி வேலிக்கு 140 அடி. பக்கத்தில் நட்டால் வேலி பிடித்த பனி பாதையிலேயே குவியும்.

பனி இல்லாத மாதங்கள்

லோடரில் பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பாலெட் கவைகளை மாட்டினால் விறகு வேலை பாதியாகும். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் கொண்ட விறகு அடுக்குக்கு ஒரு 'கார்டு' என்று பெயர். காட்டில் வெட்டிய இடத்திலேயே பாலெட்டில் அடுக்கி, காயவிட்டு, குளிர்காலத்தில் பாலெட்டோடு வாசலுக்குக் கொண்டுவந்தால் கட்டையைக் கையால் தொடுவது இரண்டே தடவை. மரத்தை இழுக்கும்போது சங்கிலி கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, மூன்று புள்ளியின் மேல் கம்பியிலோ இருக்கைச் சட்டத்திலோ மாட்டினால், மரம் வேரில் தடுக்கியதும் வண்டி பின்னால் மல்லாரும். மீள முடியாத கோணத்தை அடைய அதற்கு முக்கால் நொடி போதும். ஃபெர்குசன் தீர்த்துவைத்த பழைய சிக்கலைச் சங்கிலியால் திரும்பக் கூப்பிடுகிற வேலை அது.

கோடையில் புதர் வெட்டும் ரோட்டரி கட்டர், வேலிக்குக் குழி போடும் ஆகர், மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் எல்லாமே அதே தண்டில் ஓடும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. குழி போடும் கருவியை ஆண்டில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தால் போதும். குட்டி ஜே.சி.பி. போலப் பின்னால் மாட்டும் தோண்டும் கையும் அப்படித்தான்: ஆசையாக வாங்கியவர்களில் பலர் முதல் கோடைக்குப்பின் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள்.

சரளைப் பாதை உள்ளவருக்குக் கட்டாயம் சொந்தமாக வேண்டியது பாக்ஸ் பிளேடு. குளிர்காலம் முழுக்க ஓரத்துக்குப் போன சரளையை வாரி நடுவுக்குக் கொண்டுவந்து, நீர் இருபுறமும் வழிய நடுவில் சற்று மேடாக்கித் தருவது அதுதான். வெர்மான்ட்டில் மார்ச் கடைசியும் ஏப்ரலும் 'சேற்றுப் பருவம்'. மேல்மண் உருகியிருக்கும், கீழே இன்னும் உறைந்திருக்கும், நடுவில் மாட்டிய தண்ணீர் போக வழியில்லாமல் பாதை களியாகிக் கிடக்கும். பனி போய்விட்டதே என்று அந்த வாரத்தில் பாக்ஸ் பிளேடைப் பூட்டினால் சரளை அடியில் உள்ள களிமண்ணோடு கலந்துவிடும். புதிதாக ஒரு லாரி கல் கொட்டினாலும் சரியாகாது. பாதையில் நடந்தால் செருப்புத் தடம் பதியாத நாள்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும். அதற்குள் ப்ளோவரைக் கழற்றி, கழுவி, ஆகர் தண்டின் கிரீஸ் முனைகளில் புது கிரீஸ் ஏற்றி, ஷியர் போல்ட்டை ஒரு தடவை கழற்றி ஆகரைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். துருவில் ஒட்டிக்கொண்ட ஆகர் தண்டைவிட்டுச் சுழலாது. அப்படிப்பட்ட ஆகரில் போல்ட் இருந்தும் இல்லாததுபோலத்தான்.